ஊரார் பிள்ளைகளின் காவல்

இந்த அத்தியாயத்துக்கு ஒரு பெண் வேண்டும். திசையன்விளையில் வாழ்க்கைப்பட்டு, தலைச்சன் பிள்ளையை ஏழு மாதமாகச் சுமக்கிற ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன் துபாயில். வீட்டில் மாமியாரும், மாமியாரைப் பெற்ற ஆச்சியும். அரசு ஆஸ்பத்திரியில் பதிந்து பிக்மி நம்பர் வாங்கியாயிற்று, ஸ்கேன் பார்த்தாயிற்று. சத்து மாத்திரையைச் சில நாள் விழுங்கியும் சில நாள் முருங்கை மூட்டில் போட்டும் காலி பண்ணியாயிற்று. கையில் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. அந்த இரண்டு ஊசியைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

பேச்செல்லாம் பிறக்கப்போகிற பிள்ளையின் ஊசிகளைப் பற்றித்தான். சென்னையில் இருக்கும் மைனி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். தடுப்பூசி போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று அதில் ஒருவர் ஆணியடித்தாற்போல் சொல்கிறார். ஆச்சி தன் மேல்கையில் காசு அளவுக்கு இருக்கும் தழும்பைக் காட்டுகிறாள். "எங்க காலத்துல அம்மப்பால் குத்துனாவ, அது ஒண்ணுதான். இப்போ பச்சப்புள்ளைக்கு என்னத்துக்குட்டி இத்தன ஊசி?" கணவன் போனில், "எல்லாரும் போடுததத்தான போடுவாவ, நீ போட்டு யோசிக்காத" என்கிறான். அவளோ யோசிக்கிறாள். என் பிள்ளைக்கு எதைப் போடுவது, எதை விடுவது என்று நான்தானே முடிவு பண்ண வேண்டும்?

நியாயமான கேள்வி. இதைக் கேட்டதற்காக ஒரு தாயை அறிவில்லாதவள் என்று அதட்டும் டாக்டர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆனால் கேள்விக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. தடுப்பூசி என்று பொதுவாக ஒன்று கிடையாது. பிறந்தவுடனே பிசிஜி, ஹெபடைடிஸ் பி, போலியோ சொட்டு. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட், கூடவே போலியோ, ரோட்டா சொட்டு, நிமோனியா ஊசி. ஒன்பது மாதம் முடிந்ததும் மீசில்ஸ்-ருபெல்லா, அதாவது எம்.ஆர். ஒவ்வொன்றுக்கும் கிருமி வேறு, பரவும் வழி வேறு, கணக்கும் வேறு. சில ஊசியில் பலனும் பழியும் அந்தப் பிள்ளையோடு முடிந்துவிடும். சில ஊசியில் ஒரு வீட்டில் எடுத்த முடிவு அடுத்த தெருவில் இருக்கும் தொட்டிலை எட்டும். இரண்டையும் 'என் பிள்ளை, என் முடிவு' என்ற ஒரே பையில் போட்டுக் கட்ட முடியாது.

அவள் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்ட ஊசியிலிருந்தே தொடங்கலாம். ஊர் வாயில் அது இன்னும் டி.டி. ஊசி. இப்போது அதில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது. முதன்மையான நோக்கம் ரண ஜன்னியைத் தடுப்பது. ரண ஜன்னிக் கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். துருப்பிடித்த பிளேடால் தொப்புள்கொடியை அறுத்த காலத்தில், அறுத்த இடத்தில் சாம்பலையோ சாணத்தையோ அப்பிய காலத்தில், அந்த வழியாக உள்ளே போனது. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளைக்கு அதன்பின் தாடை இறுகும், காம்பைக் கவ்வ முடியாது, வெளிச்சம் பட்டாலும் தொட்டாலும் உடம்பு வில்லாக வளையும். வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

பிறந்த மூன்றாம் நாள் வரும் நோய்க்குப் பிறந்த பிள்ளைக்கு ஊசி போட்டுப் பயனில்லை. எதிர்ப்பொருள் உருவாக இரண்டு வாரமாவது ஆகும். அதனால்தான் ஊசி தாய்க்கு. அவள் ரத்தத்தில் உருவாகும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி தானாகக் கசிய விடுவதில்லை. பிடித்து, இழுத்து, பிள்ளையின் பக்கம் தள்ளிவிடுகிறது. ஏழாம் மாதத்துக்கு மேல் இந்தக் கடத்தல் வேகம் பிடிக்கும். நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் ரத்தத்தில் தாயினுடையதைவிடக் கூடுதலாகக்கூட அது இருக்கும். ஆஸ்பத்திரிப் பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்ததில், பிரசவத்தோடு வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2015ல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. கிருமி ஒழியவில்லை, தேரி மணலில் இன்றும் இருக்கும். பிள்ளைகள் அதனால் சாவது அரிதாகியிருக்கிறது.

ரண ஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. ஊரே ஊசி போட்டுக்கொண்டாலும் போடாதவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஊரில் ஒருவருமே போடாவிட்டாலும் போட்டவனுக்கு நட்டமில்லை. இந்தப் பட்டியலில், ரண ஜன்னியைப் பொறுத்தமட்டில்தான் 'என் முடிவு' என்று ஒருவர் முழு உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், இதைப் பற்றித்தான் யாரும் வீடியோ போடுவதில்லை.

*

மணல்வாரி நேர் எதிர். தட்டம்மை, மீசில்ஸ் எல்லாம் அதுவே. நோயாளி இருமிவிட்டு அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் நிற்கும். யாருக்கும் எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒரு பிள்ளையிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பிடித்துக்கொள்வார்கள் என்பது நெடுநாளைய கணக்கு. பதினைந்து என்று வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு நோயாளி பதினைந்து பேருக்குக் கொடுத்தால் நோய் பெருகும். ஒருவருக்கும் குறைவாகக் கொடுத்தால் தேய்ந்து அணையும். அப்படியானால் அந்தப் பதினைந்து பேரில் குறைந்தது பதினான்கு பேர் ஏற்கெனவே எதிர்ப்போடு இருக்க வேண்டும். நூற்றுக்கு 93. ஊசி போட்ட எல்லாருக்கும் அது பிடிக்கும் என்பதும் இல்லை. அதனால்தான் அதிகாரிகள் 95 என்ற எண்ணை வேதம்போல் ஓதுகிறார்கள். எண்பது வந்தால் முக்கால் கிணறு தாண்டிய மாதிரிதான்.

ஏன் ஒன்பது மாதம் வரை காத்திருக்க வேண்டும்? தாய் கொடுத்துவிட்ட எதிர்ப்பொருள்தான் காரணம். ஊசியில் இருப்பது உயிருள்ள, பலம் குறைக்கப்பட்ட வைரஸ். தாயின் சீதனம் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கும்வரை, உள்ளே வரும் ஊசி வைரஸையும் அது அடித்துப் போட்டுவிடும். ஊசி போட்டும் போடாத கணக்கு. ஒன்பதாம் மாதத்தில் போட்டால் நூற்றுக்குச் சுமார் 85 பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஒன்றரை வயதில் இரண்டாவது ஊசியும் போட்டால் 97 வரை போகிறது. ஆனால் பல பிள்ளைகளுக்குத் தாயின் சீதனம் ஆறாம் மாதத்துக்குள்ளேயே கரைந்துவிடும். மணல்வாரி வந்து தேறிய தாயைவிட, ஊசி போட்டு வளர்ந்த தாய் கொடுப்பது இன்னும் சீக்கிரம் கரையும். நம் பெண் ஊசித் தலைமுறையைச் சேர்ந்தவள். ஆக, சீதனம் தீர்ந்து ஊசி வராத சில மாதங்களில், அவள் என்ன முடிவெடுத்தாலும் அவள் பிள்ளை வெட்டவெளியில் நிற்கும். அந்த மாதங்களில் அதைக் காப்பது தெருவில் ஓடும் மற்ற பிள்ளைகளின் ஊசிகள் மட்டுமே.

'இயற்கையா வந்துட்டுப் போகட்டுமே' என்பதற்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. மணல்வாரி வைரஸ், பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் ரத்த அணுக்களையே தாக்குகிறது. நெதர்லாந்தில் ஊசி போடாமல் நோய் வந்து தேறிய பிள்ளைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. 2019ல் வெளிவந்த ஆய்வு இது. அம்மை வந்து போன வீட்டில் அடுத்த சில மாதம் பிள்ளைக்குச் சளியும் வயிற்றுப்போக்கும் ஓயாது என்று பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை.

மைனியின் வீடியோவுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து டாக்டர் 1998ல் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரை அந்தப் பேச்சின் வேர். அதை வெளியிட்ட லான்செட் இதழ் 2010ல் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவர் டாக்டர் தொழில் செய்யும் உரிமையையும் இழந்தார். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை.

*

அதே எம்.ஆர். ஊசியின் இரண்டாம் எழுத்தில்தான் நம் பெண்ணின் கதை தலைகீழாகிறது.

ருபெல்லா பிள்ளைகளுக்கு ஒரு நோயே இல்லை எனலாம். லேசான காய்ச்சல், இரண்டு நாள் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுவது. வந்ததே தெரியாமல் போவதும் உண்டு. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், அந்தக் கருவைத் தாக்கும் வாய்ப்பு 90 சதவீதம் வரை போகும். கண்ணில் புரை, காது கேளாமை, இதயத்தில் ஓட்டை. 1941ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், பிறவிப் புரையோடு வரும் கைக்குழந்தைகள் திடீரெனக் கூடுவதைக் கவனித்தார். தாய்மாரை விசாரித்தபோது கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்தது தெரிந்தது. நம் பக்கத்திலும் இதைக் கண்டது கண் ஆஸ்பத்திரிதான். 1990களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புரையோடு வந்த கைக்குழந்தைகளின் எச்சிலைச் சோதித்த ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளையின் புரைக்குக் காரணம் ருபெல்லா என்று தெரியவந்தது. விருதுநகரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பஸ் ஏறி மதுரைக்கு வந்து, தெய்வக் குற்றமோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ என்று புலம்பிய எத்தனை பேரின் நோய் அது!

இதற்கு ஊசி உண்டு. ஆனால் உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிக்குப் போட மாட்டார்கள். சிறுவயதில் போடாமல் விட்டிருந்தால், இந்தப் பத்து மாதமும் அவளுக்கு ஒரே காவல், எதிர்வீட்டு யூகேஜி பையனுக்கு அவன் அம்மா போட்டிருக்கும் எம்.ஆர். ஊசி. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிற பழமொழியை, கர்ப்பிணி மனைவியை நன்றாகப் பார்த்துக்கொள்வது பற்றியது என்று விளக்குவார்கள். ருபெல்லா விஷயத்தில் அது கொஞ்சமும் சுற்றிவளைக்காத நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டால் நிலைமை பாதி நன்றாகும் என்று தோன்றும். ஆகாது. யாரும் போடாத ஊரில் ருபெல்லா சின்ன வயதிலேயே பெரும்பாலோருக்கு வந்து போய்விடும். கல்யாண வயதில் பெண்கள் எதிர்ப்போடு இருப்பார்கள். பாதிப் பேர் போட்ட ஊரில் வைரஸ் மெதுவாகச் சுற்றும், ஊசி போடாத பெண்பிள்ளைக்கு எட்டு வயதில் வர வேண்டியது இருபத்து மூன்றில் வரும். கிரீஸில் இதுதான் நடந்தது. எழுபதுகளிலிருந்து அங்கே ஊசி கிடைத்தது. விரும்பியவர்கள் போட்டார்கள், பாதிக்கு மேல் போடவில்லை. 1993ல் பெரியவர்களிடையே ருபெல்லா பரவியது. தொடர்ந்து, பிறவிப் பாதிப்போடு 25 குழந்தைகள் பிறந்தது உறுதியாயிற்று.

இந்தியாவில் எம்.எம்.ஆர். ஊசி (எம்.ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்தது) தனியார் குழந்தை டாக்டர்களிடம் பல வருடம் காசுக்குக் கிடைத்தது, அரசு அட்டவணையில் அப்போது ருபெல்லா இல்லை. வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைக்கு நல்லது என்று போட்டார்கள், அதில் பிழை காண முடியாது. ஆனால் அந்த நல்ல முடிவுகள் பத்துக்கு மூன்று, நான்கு என்று பெருகி அங்கேயே நின்றால், அதன் செலவு போட முடியாத வீட்டுப் பெண்ணின் வயிற்றில் விழும். ஆகவேதான் 2017 பிப்ரவரியில் எம்.ஆர். திட்டத்தை ஆரம்பித்தபோது, ஒன்பது மாதக் குழந்தைக்கு மட்டும் என்று தொடங்காமல் 15 வயது வரை எல்லாருக்கும் ஒரே மூச்சில் போட முயன்றார்கள். தமிழ்நாட்டில் இலக்கு 1.76 கோடிப் பிள்ளைகள்.

அந்த மாதம் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஊசி. வாட்ஸ்அப் குழுக்களில் அதைவிட வேகமாகப் புரளி. வெளிநாட்டுச் சதி, மலடாக்கும் ஊசி, எங்கோ பிள்ளைகள் மயங்கி விழுந்தது. பலர் அந்த ஒரு நாள் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியில் முடிய வேண்டியது மார்ச்சுக்கு நீண்டது. புரளி பொய்தான். ஆனால் 15 வயது வரை எதற்கு, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கு, மேலே சொன்ன கிரீஸ் கணக்கை யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா? பெரும்பாலும் 'கவர்மென்ட் உத்தரவு' என்ற பதில்தான் கிடைத்தது. பதில் இல்லாத இடத்தில் புரளி குடியேறும்.

*

தடுப்பூசியைக் கேள்வி கேட்பது வாட்ஸ்அப் காலத்து வியாதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர்: ராஜாஜி.

சுதந்திரம் வந்த கையோடு காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியை நாடெங்கும் கொண்டுபோனார்கள். அந்த மருந்தைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் 1948ல் சென்னை கிண்டியில் அமைந்தது. ஐம்பதுகளில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் துணைநிற்க, பள்ளிப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டார்கள். 1954ல் முதலமைச்சர் பதவியை விட்டிறங்கிய ராஜாஜி, 1955ல் இதை எதிர்த்துத் தன் பெயரில் ஒரு சிறு புத்தகமே வெளியிட்டார். நல்ல உடம்புள்ள பிள்ளைகளின் உடம்பில் உயிருள்ள காசநோய்க் கிருமியை ஏன் செலுத்த வேண்டும், இதனால் காசநோய் குறையும் என்பதற்கு அசைக்க முடியாத சான்று எங்கே என்பவை அவருடைய கேள்விகள். கூட்டமாகப் போடும் முறையில் பெற்றோரின் சம்மதம் பெயரளவுக்குத்தான் என்பது அந்த எதிர்ப்பின் இன்னொரு முனை. சென்னை மாநிலத்தில் பிரச்சாரமே தடுமாறியது.

அரசு தரப்பு அவரைப் பிற்போக்குவாதி என்றது. காலம் என்ன சொன்னது? 1968ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் சோதனையைத் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கணக்கு எழுபதுகளின் இறுதியில் வெளிவந்தபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பிசிஜியின் பலன் பூஜ்யம். பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தபோதும் அதுவே முடிவு.

அப்படியானால் நம் பெண்ணின் பிள்ளைக்குப் பிறந்தவுடன் ஏன் இன்னும் இடது மேல்கையில் பிசிஜி போடுகிறார்கள்? பச்சிளம் குழந்தையின் மூளை உறையைத் தாக்கும் காசநோயையும் உடம்பு முழுக்கப் பரவும் காசநோயையும் அது நன்றாகவே தடுக்கிறது என்று மற்ற ஆய்வுகள் காட்டின. ஊரெல்லாம் போட்ட ஊசி, கைக்குழந்தைகளுக்கான ஊசியாகச் சுருங்கி நிலைத்தது. ராஜாஜியின் பயம் பிழை. பிசிஜி அவர் அஞ்சியபடி பிள்ளைகளிடம் காசநோயைப் பரப்பவில்லை. சான்று எங்கே என்று அவர் கேட்டது மட்டும் சரி. அந்தச் சான்றைத் தேடிக் கண்டு, தனக்கே பாதகமான விடையை அச்சிட்டதும் ஊசி போட்ட அதே துறைதான். எனக்கு இந்தத் துறை மேல் நம்பிக்கை வருவதற்கு அதன் வெற்றிகளைவிட இந்தச் செங்கல்பட்டுத் தோல்வி பெரிய காரணம். ராஜாஜி தன் பெயரைப் போட்டு எழுதினார், மறுத்து எழுத இடம் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மைனி அனுப்பிய வீடியோவுக்கு முகவரி கிடையாது.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், இந்தியாவில் இன்று பிள்ளைக்கு ஊசி போடாததற்காகத் தாயை யாரும் தண்டிப்பதில்லை. இங்கிலாந்து 1853ல் அம்மைப்பாலைக் கட்டாயமாக்கி, அபராதம் போட்டு, ஊர்வலங்களைச் சந்தித்து, 1898ல் மனசாட்சிப்படி மறுக்கலாம் என்று இறங்கி வந்தது. நம் ஊரில் 2019 ஜனவரியில், பள்ளிகளில் எம்.ஆர். ஊசி போடுவது பற்றிய வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது. பக்கவிளைவுகளையும் சொல்ல வேண்டும் என்றது. 2022 மே மாதம் கொரோனா ஊசி வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. பொதுநலத்துக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. தமிழ்நாடு வேறொரு நூலைக் கட்டி இழுக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியில் ஒரு பகுதி, பிள்ளைக்கு உரிய ஊசிகளைப் போட்ட பிறகே கைக்கு வரும்.

நான் டெல்லி தீர்ப்பின் பக்கம். ஆனால் பெற்றோரின் உரிமை பற்றி எழுதுபவர்கள் எல்லாம், ஊசி போடாத பிள்ளை என்றால் வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். திருவள்ளூரில் நடந்தது அப்படி நினைக்க விடவில்லை.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட சற்று நேரத்தில் 4 கைக்குழந்தைகள் இறந்தன. மாநிலமே கொதித்தது. அதன்பின் அரசு எடுத்த முடிவு: துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடுவது. எச்சரிக்கையான, பழிக்க முடியாத முடிவு. ஆனால் கிராமத்து நர்ஸம்மா புதன்கிழமை வாசலுக்கு வந்து போட்ட ஊசிக்காக, கூலிக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லா ஊசியும் போட்ட ஒரு வயதுப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2005-06ல் 80.9 சதவீதம். 2015-16ல் 69.7. இறக்கம் முழுவதையும் அந்த ஒரு முடிவின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் பதினொரு சதவீதத் தாய்மார் புதிதாகக் கொள்கை எதிர்ப்பாளர் ஆகிவிட்டதாக நினைப்பதைவிட, பஸ் கட்டணமும் பயமும் காரணம் என்பது எளிதில் நம்பத்தக்கது. ஊர்களிலேயே ஊசி போடுவது படிப்படியாகத் திரும்பியது. 2019-21 கணக்கெடுப்பில் 89.2.

பயம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான சமோவாவைப் பார்க்க வேண்டும். எம்.ஆர்., எம்.எம்.ஆர். மருந்துகள் குப்பியில் உலர்ந்த தூளாக வரும். தனிக் குப்பியில் வரும் கரைநீரை விட்டுக் கலக்கித்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். 2018 ஜூலையில் அங்கே கரைநீருக்குப் பதிலாகத் தசையைச் செயலிழக்க வைக்கும் மயக்க மருந்தைத் தவறுதலாக விட்டுக் கலக்கியதில் 2 குழந்தைகள் இறந்தன. நர்ஸ்கள் இருவர் சிறை சென்றார்கள். தட்டம்மை ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, மக்கள் அஞ்சி ஒதுங்கினார்கள், ஊசி போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினார்கள். 2019ன் இறுதியில் மணல்வாரி வந்தது. இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழ். இரண்டு சாவுக்கும் எண்பத்து மூன்று சாவுக்கும் காரணம் தடுப்பு மருந்து அல்ல.

அதனால் 'போடலாமா' என்பதோடு நிற்காமல் 'எப்படிப் போடுகிறார்கள்' என்றும் தாய் பார்க்கலாம். அது அவள் உரிமையில் சேர்ந்தது, கண்ணாலேயே பார்க்கக் கூடியதும்கூட. குப்பியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வெளுப்பாக, சுற்றியுள்ள வட்டத்தைவிட மங்கலாக இருந்தால் மருந்து வெயில் தின்னவில்லை என்று பொருள். சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அது குப்பைக்கு. எம்.ஆர். குப்பியைக் கலக்கிய நேரத்தை அதன் மேலேயே எழுதியிருப்பார்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஊசிக்குழல் ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும், மறுமுறை இழுக்க வராது. போட்ட பின் அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது சடங்குக்கு அல்ல. பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும், உடனே பார்த்தால் சரிசெய்துவிடலாம். எந்த நோய்க்கு இந்த ஊசி, என்ன தொந்தரவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்ற நான்கையும் நர்ஸ் சொல்ல வேண்டும் என்பது அரசு விதி. புதன்கிழமைக் கூட்டத்தில் இரண்டு விட்டுப்போகும். "சிஸ்டர், இது எதுக்குள்ள ஊசி?" என்று கேட்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு, பலர் நின்று சொல்வார்கள்.

நம் பெண்ணுக்கு நடைமுறையில் வரப்போகும் சிக்கல் மைனியின் வீடியோ அல்ல. வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீட்டுக்குப் போவாள், உவரி என்றே வைத்துக்கொள்வோம். பிரசவம் ஒரு ஊரில், முதல் ஊசிகள் இன்னொரு ஊரில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புருஷன் வீடு திரும்பியபின் மிச்சம் திசையன்விளையில். இந்த இடைவெளியில்தான் பத்தாம் வாரமும் பதினான்காம் வாரமும் தவறிப்போகின்றன. தவறியதும் "நாள் கடந்துபோச்சு, இனி போட்டா ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிரும்" என்று யாராவது சொல்ல, அப்படியே விட்டுவிடுகிறார்கள். நாள் கடந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொண்டு போகலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாதது ஹெபடைடிஸ் பியின் முதல் ஊசி. பிறக்கும்போது தாயிடமிருந்து அந்த வைரஸ் தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆயுளுக்கும் கல்லீரலில் தங்கிவிடும், அதனால் அது 24 மணி நேரத்துக்குள். அதைப் பிரசவ வார்டிலேயே போட்டு அட்டையில் எழுதிவிடுவார்கள். மற்றவற்றுக்கு எந்த ஊர் அட்டையும் எந்த ஊரிலும் செல்லும்.